ஸீ அவியின் முதல் ஆல்பம்: தமிழ் வீடுகளை எட்டாத கோலாலம்பூர்க் கதைகள்

கோலாலம்பூரில் தமிழ்ப் பாடல்களோடு மற்ற மொழிப் பாடல்களையும் கேட்கும் பழக்கமுள்ளவர்களிடம் மலேசியப் பாடகி யூனாவைத் தெரியுமா என்று கேட்டால், உடனே தலையசைப்பார்கள். அமெரிக்கப் பாடகர் அஷருடன் சேர்ந்து 2016இல் அவர் பாடிய பாடலாவது அவர்கள் காதில் விழுந்திருக்கும். ஸீ அவியைத் தெரியுமா என்று கேட்டால், யார் அது என்ற கேள்விதான் பெரும்பாலும் பதிலாக வருகிறது. யூனாவின் அமெரிக்க ஆல்பம் வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2009 மே மாதத்தில், கிட்டாரும் யுகுலேலேயும் துணையாக, தானே எழுதி தானே பாடிய பாடல்களோடு அதே அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்த மலேசியப் பெண் அவர். தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட அந்த முதல் ஆல்பத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. நம் ஊரின் பேச்சையும் சுணக்கத்தையும் சில்லறைப் பொய்களையும் இவ்வளவு கச்சிதமாகப் பாட்டாக்கிய இன்னொரு ஃபோக் பாப் ஆல்பத்தை நான் கேட்டதில்லை. ஆனால் நம்மவர்களில் அதைக் கேட்டவர்களையும் நான் அதிகம் சந்தித்ததில்லை.

சரவாக்கின் மிரியில் பிறந்து, பள்ளி வயதிலேயே கோலாலம்பூருக்கு வந்து, பிறகு லண்டனில் ஆடை வடிவமைப்புப் படித்தவர் ஸீ அவி. பதினேழு வயதில்தான் கிட்டாரைக் கையில் எடுத்தார். 2007இல், நண்பர் ஒருவர் பார்ப்பதற்காக யூடியூப்பில் பாடல்களை ஏற்றத் தொடங்கினார். அறையில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பாடிய எளிய காணொளிகள் அவை. தி ராகோண்டர்ஸ் என்ற ராக் குழுவின் டிரம்மர் பேட்ரிக் கீலர் அவற்றைப் பார்த்துவிட்டு, அக்குழுவின் மேலாளரான இயன் மோன்டோனிடம் சொல்ல, அமெரிக்கப் பாடகர் ஜாக் ஜான்சனின் பிரஷ்ஃபயர் இசை நிறுவனம் வரைக்கும் செய்தி போயிற்று. அந்நிறுவனம் 2008இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்பில் அவருடைய பாடல் ஒன்று இடம்பெற்றது. அடுத்த ஆண்டே முழு ஆல்பமும் வந்துவிட்டது. வாய்ப்பு வந்த வழி வியப்பூட்டுவதுதான். ஆனால் அன்றைய ஊடகங்கள் இந்தக் கதையையே திரும்பத் திரும்பச் சொன்னதால், பாடல்களுக்குள் இருந்த கதைகளுக்கு யாரும் காது கொடுக்காமல் போனார்கள் என்பது என் ஆதங்கம்.

ஆல்பத்தைத் தயாரித்தவர் ராபர்ட் கரான்சா. சூரிய ஒளி மின்சாரத்தில் இயங்குவதற்காகப் பெயர்பெற்ற பிரஷ்ஃபயரின் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு நடந்திருக்கிறது. கரான்சா செய்திருக்கும் பெரிய உதவி, தேவையில்லாத எதையும் சேர்க்காமல் விட்டதுதான். பெரும்பாலான பாடல்கள் மூன்று நிமிடத்தை ஒட்டியவை. கிட்டாரோ யுகுலேலேயோ முன்னால் நிற்க, தாளக் கருவிகள் அடக்கமாகப் பின்தொடர்கின்றன. குரல் மைக்குக்கு மிக அருகில் இருப்பதால், மூச்சை இழுக்கும் ஓசையும் ஒரு சொல்லின் கடைசி எழுத்தை அவர் பாதியிலேயே விட்டுவிடுவதும்கூடத் தெளிவாகக் கேட்கின்றன. பழைய ஜாஸ் பாடகிகளின் சாயல் அந்தக் குரலில் இருப்பது உண்மை. சொற்களைச் சற்றே தாமதித்து, தாளத்தின் முதுகில் சாய்ந்தபடி பாடுவது அவர் பாணி. வெளிநாட்டு விமர்சகர்கள் இந்தக் குரலைத்தான் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி நியாயமானதே என்றாலும், அது ஆல்பத்தின் பாதியைத்தான் சொல்கிறது. மீதிப் பாதி, கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே முழுதாகப் பிடிபடக்கூடியது.

‘கந்தோய்’ என்ற பாடலைக் கேட்டால் இது விளங்கும். கையும் களவுமாகப் பிடிபட்ட ஒருவரைப் பார்த்து இங்கே எல்லா இனத்தவரும் சொல்லும் மலாய்ச் சொல்தான் தலைப்பு. பாடல் முழுவதும் மலாயும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்துக்குள் புகுந்து புறப்படுகின்றன. முந்தைய இரவு காதலனைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள் ஒருத்தி, அவன் எடுக்கவில்லை. நண்பர்களோடு சாப்பிடப் போனதாகப் பிறகு சொல்கிறான். அவனுடைய நண்பன் டாமியிடம் விசாரித்தால் அது பொய்யென்று தெரிகிறது. உடனே காரை எடுத்துக்கொண்டு, கோலாலம்பூரை ஒட்டிய டாமான்சாராவுக்குப் போகிறாள்; ஒருவேளை பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருப்பானோ என்று டாமி சொன்னதை நம்பித்தான் போகிறாள்; அங்கேயும் ஆள் இல்லை. அவன் எடுக்கும்வரை விடாமல் அழைக்கிறாள். கடைசியில் எடுத்தவன், தொலைபேசி சத்தமில்லாமல் கிடந்தது, உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்தேன் என்கிறான். பின்னணியில் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கிறது.

இரண்டே முக்கால் நிமிடம் போல ஓடும் ஒரு பாட்டில் இவ்வளவு சம்பவம். உவமை இல்லை, நிலா இல்லை, மழை இல்லை. எடுக்காத அழைப்பு, சாலை, பந்தாட்டம், கைப்பேசியின் சைலண்ட் பொத்தான், உடற்பயிற்சிக் கூடம் என்று, இந்த நகரத்தில் இருபது வயதுகளைக் கழித்த எவருக்கும் பழக்கமான சரக்குகள் மட்டுமே இருக்கின்றன. டாமான்சாரா என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த ஊரைப் போட்டாலும் பாட்டு தளர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. நெரிசலைத் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒருத்தியின் கோபம் எந்த அளவுக்கு ஏறியிருக்கும் என்பது அந்தச் சாலைகளில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

மொழிக் கலப்பு இந்தப் பாட்டில் என்ன வேலை செய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். உன்னை நம்பமாட்டேன், உன் பேச்சு எதுவும் உண்மையாக இருந்ததில்லை என்ற தீர்ப்பு ஆங்கிலத்தில் வருகிறது. ஏன் இவனோடு இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை என்ற புலம்பலும், பைத்தியம் பிடிக்காத குறை என்ற ஆத்திரமும் மலாய்க்கு மாறிவிடுகின்றன. விறைப்பாக நிற்கவேண்டிய இடத்தில் ஒரு மொழி, உடைந்துபோகும் இடத்தில் இன்னொரு மொழி. இது திட்டமிட்டு எழுதப்பட்டதா, பேச்சு வழக்கிலிருந்து தானாக வந்து விழுந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அமைந்திருப்பதே இதன் நேர்த்தி.

முடிவைச் சொல்லாமல் இந்தப் பாட்டைப் பற்றி எழுத இயலாது என்பதால், இன்னும் கேட்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அதுவரை ‘நான்’ என்று பேசிக்கொண்டிருந்த குரல், கடைசிச் சரணத்தில் திடீரென்று ‘அவள்’ என்று பேசத் தொடங்குகிறது. அவள் மன்னித்துவிட்டாளாம். ஆனால் அவளும் ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தாளாம். வேறு யாரோடும் அல்ல, அந்த டாமியோடு. தொடக்கத்தில் சாட்சியாகவும் வழிகாட்டியாகவும் வந்த பெயர் கடைசிச் சொல்லாக வந்து நிற்கும்போது, காதலன் எங்கே போனான் என்பதை இவ்வளவு அக்கறையாக அவளிடம் சொன்னதற்கு டாமிக்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்று, கேட்பவர் முழுப் பாட்டையும் மறுபடி ஓடவிட வேண்டியிருக்கிறது. தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாறிய அந்த ஒரே நகர்வில், ஒருத்தியின் முறையீடாக இருந்த பாட்டு மாமாக் கடை மேசையில் நாலு பேர் சொல்லிச் சிரிக்கும் வம்புக் கதையாகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவளாகத் தன்னைக் காட்டிக்கொண்டவளைப் பாட்டே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நல்ல சிறுகதை எழுத்தாளர்கள் செய்யக்கூடிய காரியம் இது.

இந்த இடத்தில் நம் இசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. மலேசியத் தமிழ் இசையில் மொழிக் கலப்பு புதிதன்று. யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தில் தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து ராப் பாடியபோது, தமிழ்நாடு வரைக்கும் அதன் அதிர்வு போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின் வந்த பல உள்ளூர்ப் பாடல்களிலும் மலாய்ச் சொல் ஒன்று, ஆங்கில வரி நான்கு, இறுதியில் ஒரு ‘லா’ என்று கலப்பு தாராளமாக இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் அலங்காரமாகவே நின்றுவிடுகிறது; எந்த மொழியில் எந்த உணர்ச்சி வருகிறது என்ற கணக்கு அதில் இல்லை. நாமோ வீட்டில் தமிழும், சந்தையில் மலாயும், அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசுகிறவர்கள். சண்டை போடும்போது எந்த மொழிக்கு மாறுகிறோம், கெஞ்சும்போது எந்த மொழிக்கு மாறுகிறோம் என்று யோசித்துப் பார்த்தால் நமக்கும் பாட்டுக்கான சரக்கு ஏராளமாக இருக்கிறது. காதலையும் அம்மாவையும் பற்றி மட்டுமே, அதுவும் சினிமாப் பாட்டின் சொற்களைக் கொண்டே, தனிப்பாடல் எழுதிக்கொண்டிருக்கும் நம் இளைஞர்கள் ‘கந்தோயை’ ஒருமுறை உட்கார்ந்து கேட்கலாம்.

ஆல்பத்தின் அடுத்த சிறந்த பாடல் ‘பிட்டர் ஹார்ட்’. வெயில் தரையில் விழுவதும், குழந்தைகள் சுழன்று சுழன்று கீழே விழுவதுமாக, கேட்பதற்கு விடுமுறை நாள் பாட்டுப் போலத் தொடங்குகிறது. சற்று நேரத்திலேயே, இரண்டு மணி நேரமாக ஒருவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணும், மேசையில் ஆறிக்கொண்டிருக்கும் இரவு உணவும் வந்துவிடுகின்றன. மெட்டு கடைசிவரை துள்ளலாகவே இருக்கிறது. கசப்பு சொற்களில் மட்டும் ஊறுகிறது. சோகத்துக்குச் சோக மெட்டு என்ற வழக்கமான ஏற்பாட்டுக்கு இணங்காமல், கோபத்தைப் புன்னகையோடு சொல்லும் பெண்ணின் தொனியை அவர் பிடித்திருக்கிறார். ஆறிப்போன சோறு என்ற ஒரே விவரம், அவள் எத்தனை முறை இப்படிக் காத்திருந்திருப்பாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

‘ஜஸ்ட் யூ அண்ட் மீ’ வேறு வகை. யுகுலேலேயின் நைலான் நரம்புகள் துள்ள, 1920களின் நடனக் கூடத்துக்குள் நுழைந்தது போன்ற பாட்டு. யுகுலேலேயை ஹவாய்க்கு உரியதாகவே நாம் நினைக்கிறோம். 1879இல் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி ஹவாய்க்குப் போன போர்ச்சுகீசியர்கள் கொண்டுசென்ற சிறு கிட்டாரிலிருந்து பிறந்த கருவி அது. அதே போர்ச்சுகீசிய வழியில் மலாய்த் தீவுகளுக்கு வந்த நரம்புக் கருவிகளிலிருந்துதான் குரோன்சோங் என்ற மெல்லிசை வகையும் வளர்ந்தது. ஆகவே, இந்தப் பாட்டில் அமெரிக்க ஜாஸின் சாயலைக் கேட்பவர்கள் இருப்பதைப் போல, பழைய மலாய்த் திரைப்படங்களின் குரோன்சோங் வாசத்தை நுகர்பவர்களும் இங்கே இருப்பார்கள். நான் இரண்டாவது கட்சி.

குறைகளும் உண்டு. ஊரும் சம்பவமும் இல்லாத பாடல்களில் அவர் எழுத்து மெலிந்துவிடுகிறது. ஆல்பத்தின் நடுப்பகுதியில் வரும் சில ஆங்கிலக் காதல் பாடல்கள் ஒன்றோடொன்று கலந்து, எது எங்கே முடிந்தது என்று தெரியாமல் நழுவிப்போகின்றன. சர்க்கரை தூக்கலான தே தாரிக் போல, முதல் மிடறில் இருந்த இன்பம் கோப்பை முடியும்வரை தாங்கவில்லை. குரல் இனிமையாக இருப்பதே இங்கே ஓர் ஆபத்து: சொல்ல ஒன்றும் இல்லாத வரியையும் அவர் அழகாகப் பாடிவிடுவார் என்பதால், எழுதும்போது யாரும் அவரை நிறுத்திக் கேட்கவில்லை போலிருக்கிறது. பிரிட்டிஷ் பாடகர் மோரிஸ்ஸியின் ‘ஃபர்ஸ்ட் ஆஃப் தி கேங் டு டை’ பாடலை அவர் மறுபடி பாடியிருப்பதும் எனக்கு உவப்பாக இல்லை. துப்பாக்கியும் சிறையும் இளவயதுச் சாவும் நிறைந்த பாட்டு அது. மூலத்தில், பாடுபவரின் மிடுக்குக்கும் நடந்த சாவுக்கும் இடையே உள்ள முரண்தான் அதன் உயிர். இங்கே எல்லாம் மென்மையாகிவிட்டதால், எக்டர் என்ற அந்தப் பையன் செத்தது கேட்பவருக்கு உறைக்கவே இல்லை. மற்றவர் பாட்டுக்குச் செலவழித்த அந்த இடத்தில் இன்னொரு ‘கந்தோய்’ வந்திருக்கக் கூடாதா?

இப்படிப்பட்ட ஓர் ஆல்பம் நம் தமிழ் வீடுகளுக்குள் ஏன் வரவில்லை என்பதற்கு விடை கண்டுபிடிப்பது கடினமன்று. இந்நாட்டில் வானொலி மொழிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. மின்னல் எஃப்எம்மும் ராகாவும் தமிழ்ப் பாடல்களுக்கானவை. மலாய் நிலையங்களுக்கு ஸீ அவியின் ஆங்கிலம் அதிகம். ஆங்கில நிலையங்களிலோ அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வரும் வெற்றிப் பாடல்களோடு அவர் போட்டியிட வேண்டும். இரண்டு மொழியையும் ஒரே வாக்கியத்தில் பேசும் பாட்டை எந்த அலைவரிசை தன்னுடையது என்று சொல்லும்? ஆனால் இதை மட்டும் காரணமாகச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. பினாங்கில் பிறந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழுவை, அவர்கள் பாடியது மலாயில் என்பதற்காக நம் வீடுகள் ஒதுக்கிவைத்ததில்லை. கல்யாண விருந்துகளில் இன்றும் அந்தப் பாடல்கள் ஒலிக்கின்றன. 2007இல் லோகநாதன் மறைந்தபோது நம் குடும்பங்களில் ஒருவர் போனதைப் போலத்தான் பலரும் பேசினார்கள். பாடியவர் நம்மவர் என்பதால் அன்று மொழி தடையாக இருக்கவில்லை. பாட்டில் வரும் ஊர் நம் ஊர் என்பதும் அதே அளவுக்கு வலுவான உறவுதான் என்பது என் கட்சி.

முதல் ஆல்பம் பிடித்துப்போனவர்கள் 2011இல் வந்த ‘கோஸ்ட்பேர்ட்’ ஆல்பத்துக்குப் போகலாம். பீஸ்டி பாய்ஸ் என்ற அமெரிக்க ராப் குழுவுடன் பணியாற்றிப் பெயர்பெற்ற மாரியோ கல்டாட்டோ தயாரித்தது. தாளத்துக்கு இதில் கூடுதல் இடம். ‘காங்கிரீட் வால்’ பாடலில் தன் குரலையே அடுக்கடுக்காக வைத்துத் தாளமும் இசையும் கட்டியிருக்கிறார். ஒலி என்ற வகையில் இது முதல் ஆல்பத்தைவிடத் துணிச்சலானது. கதை என்ற வகையில் ஒரு படி கீழே. ஆனால் ‘சிபோ கித்தாக் நாங்கிஸ்’ என்ற ஒரு பாடலுக்காகவே அதைக் கேட்கலாம். அழாதே என்று ஆறுதல் சொல்லும் அந்தப் பாட்டு, கோலாலம்பூர் மலாயில் அல்லாமல், அவர் பிறந்த சரவாக்கின் மலாய் வழக்கில் எழுதப்பட்டது. பள்ளியில் மலாய் படித்த நமக்கே சில சொற்கள் பிடிபடாது. அப்படியும் அதன் பாசம் புரியாமல் போகாது. ‘கந்தோயின்’ குறும்புக்காரி வீட்டுக்குத் திரும்பி வேறொரு தொண்டையில் பேசுவது போலிருக்கிறது. 2014இல் வந்த ‘நைட்லைட்’ குழந்தைகளைத் தூங்கவைப்பதற்கான ஆல்பம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பயன்படும், இல்லாவிட்டால் தாண்டிப் போகலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: முதலில் ‘கந்தோய்’, அடுத்து ‘பிட்டர் ஹார்ட்’, அதன் பிறகு ‘ஜஸ்ட் யூ அண்ட் மீ’. இந்த மூன்றும் ஈர்க்காவிட்டால் முழு ஆல்பத்துக்கு நேரம் ஒதுக்கத் தேவையில்லை. ஈர்த்தால், நடுவில் வரும் மெலிந்த பாடல்களையும் அந்தக் குரலுக்காகப் பொறுத்துக்கொள்வீர்கள். காரில் கேட்பதை நான் சொல்லமாட்டேன். ஃபெடரல் நெடுஞ்சாலையின் இரைச்சலில் குரலின் நுணுக்கங்களில் பாதி காணாமல் போய்விடும். எல்ஆர்டி ரயிலிலும் அதே கதிதான். வீட்டில் நல்ல ஹெட்போன் போட்டு, ஒலியை நடுத்தரமாக வைத்து, சொற்களைக் கவனித்துக் கேட்க வேண்டிய ஆல்பம் இது. குறுந்தட்டு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிப் பழைய பொருள் சந்தையில் இசைத்தட்டுகளைப் புரட்டும் பழக்கமுள்ளவர்கள் ஒரு கண் வைத்திருக்கலாம். மற்றவர்களுக்கு இசைச் செயலிகளே போதும்.